எடை மேடையில் ஹைட்ரஜன்

அந்தக் கிடங்குக்குள் நுழைகிற எப்பேர்ப்பட்ட லாரியும் முதலில் அவளுக்கு முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். வாசலை ஒட்டியே எடை மேடை. லாரி முழுசாக ஏறி நிற்கும் நீளத்துக்கு இரும்புத் தகடு. அதன் பக்கத்தில், குளியலறையைவிடக் கொஞ்சமே பெரிய ஒரு கண்ணாடி அறை. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, சிவப்பு எண்கள் ஒளிரும் பெட்டி, சீட்டு அச்சடிக்கும் இயந்திரம், ஒரு மைக். இத்தனைக்கும் நடுவில் பதினான்கு வருஷமாக அவள்.

சரக்கோடு வரும் வண்டியை நிறுத்தி மொத்த எடை எடுப்பாள். சரக்கை இறக்கிவிட்டு அதே வண்டி திரும்பும்போது காலி எடை. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் மிஞ்சுவது சரக்கு. இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் ஒரே ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். வரும்போது வண்டிக்குள் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். போகும்போது டிரைவர் மட்டும் இருப்பார். நடுவில் காணாமல் போன மூன்று பேரும் கணக்கில் இரும்பாகவோ சிமென்ட்டாகவோ மாறியிருப்பார்கள். அவளிடம் அந்தப் பம்மாத்து பலிக்காது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். வண்டி மேடையில் ஏறியதும் மைக்கில் ஒரே சொல்: "இறங்கு!" டிரைவர், கிளீனர், ஓசியில் ஏறி வந்த மச்சான், எல்லோரும் கீழே இறங்கிய பிறகுதான் பொத்தானை அமுக்குவாள். அதனால் அவளுக்கு அந்த வட்டாரத்து லாரிக்காரர்கள் வைத்த பெயர் இறங்கு அக்கா. அவளுக்கு அந்தப் பெயரில் உள்ளூரப் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

அந்த நாற்காலிக்கு அவள் சும்மா வந்துவிடவில்லை. பதினாறு வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வில் அறிவியலில் முப்பத்தொன்று வாங்கினாள். நாலு மார்க்கில் போயிற்று. மறுபடி எழுதினாள், முப்பத்துமூன்று. மூன்றாவது முறை எழுதுவதற்குள் கல்யாணம், அப்புறம் மகள், அப்புறம் இதே கிடங்கின் பின்கட்டில் கோணிப்பை தைக்கும் வேலை. ஒருநாள் எடை பார்ப்பவர் காய்ச்சலில் படுத்துவிட, வாசலில் வண்டிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. மேலாளர் தலையைப் பிய்த்துக்கொண்டு நின்றபோது, "கழித்தல் கணக்குத்தானே சார், நான் பார்க்கவா?" என்று கேட்டவள் இவள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். மேலே சொன்ன நாலு பேரை மூன்றாம் நாளே பிடித்தாள். காய்ச்சல்காரர் திரும்பி வந்தபோது அவருக்கு வேறு வேலை காத்திருந்தது.

இப்படிக் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தபோது தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இன்னும் ஆறு மாதத்தில் புதுச் சட்டம். எடைச் சீட்டில் எடை பார்த்தவரே பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் பத்தாம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டும்.

"எனக்கு மட்டும் ஆசையாம்மா?" என்றார் மேலாளர். அவர் நல்ல மனுஷர். கெட்ட செய்தி சொல்லும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "உங்களை மாதிரி ஆள் எனக்கு எங்க கிடைக்கும்? ஆனா மேலேருந்து வந்துருச்சு. தேறலைன்னா மறுபடி பின்கட்டுக்குத்தான் அனுப்பணும்."

"ஆறு மாசம் இருக்குல்ல சார்," என்றாள் அவள்.

கோணி தைப்பது கேவலமான வேலை என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் பத்துச் சக்கர லாரி தன் ஒரு சொல்லுக்கு அடங்கி நிற்பதைப் பதினான்கு வருஷம் பார்த்தவளுக்கு அந்த நாற்காலியை விட்டு எழுந்து போவது உயிரையே விட்டுப் போவது மாதிரி. தனித்தேர்வராக மனு எழுதிப் போட்டாள். மற்றப் பாடங்களில் அவள் அன்றைக்கே தேறியவள். அறிவியல் ஒன்றுதான் பாக்கி. வெளியூரில் நர்ஸ் படிப்புப் படிக்கும் மகளிடம் மூச்சுவிடவில்லை. தோற்றுப்போனால் மகளுக்குத் தெரிய வேண்டாம் என்பது அவள் எண்ணம்.

வீட்டுக்காரரிடம் மறைக்க முடியுமா? அவர் சுவருக்கு வண்ணம் பூசுகிறவர். எந்த விஷயத்துக்கும் அவரிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும்.

"கவலையை விடு. நான் இருக்கேன்ல? நான் அந்தக் காலத்துப் பத்தாவது," என்றார்.

விடியற்காலையில் டீ டம்ளரும் கையுமாக அவர் புத்தகத்தைத் திறந்தார். அணுவின் அமைப்பு என்ற பாடம். நடுவில் ஒரு உருண்டை, சுற்றிலும் வளையங்கள், வளையங்களில் புள்ளிகள். புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான். கொஞ்ச நேரம் முழித்தார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முன்னால் வந்தார்.

"இது எங்க காலத்துல இல்லையே," என்றார் கடைசியில். "எங்களுக்கு அப்புறம் கண்டுபிடிச்சிருப்பாங்க."

"ஏங்க, நீங்களும் நானும் ஒரே வருஷம் படிச்சவங்க."

"அப்படின்னா எங்க ஸ்கூல்ல இல்ல," என்று சொல்லிவிட்டு, தூரிகையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

பழைய வினாத்தாள்களை வாங்கிப் பார்த்தாள். உடம்பு, செடி, கொடி எல்லாம் மனப்பாடம் செய்துவிடலாம். விசை, வேகம், பளு எல்லாம் அவளுக்குத் தினசரிப் பழக்கம். ஆனால் வருஷம் தவறாமல் பத்து மார்க்குக்கு ஒரு அட்டவணை வந்தது. ஒரு தனிமத்தின் பெயர், அதன் அணு எண், நிறை எண் கொடுத்திருப்பார்கள். அதில் எத்தனை புரோட்டான், எத்தனை நியூட்ரான், எத்தனை எலக்ட்ரான் என்று கட்டங்களை நிரப்ப வேண்டும். இதே அட்டவணையைத்தான் பதினாறு வயதில் இரண்டு முறையும் வெறுமனே விட்டுவிட்டு வந்திருந்தாள். அதில் பாதி எழுதியிருந்தால் அன்றைக்கே தேறியிருப்பாள் என்பது இப்போது கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அட பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இந்த முறை விடுவதாக இல்லை. இரண்டு லாரிகளுக்கு நடுவில் கிடைக்கும் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷத்தில் பாடத்தைப் படித்தாள். நாலாவது தடவை படிக்கும்போது சிரிப்பே வந்துவிட்டது. நிறை எண் என்றால் மொத்த எடை! அணு எண் என்றால் புரோட்டான் எத்தனை என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். கழித்தால் மிஞ்சுவது நியூட்ரான். இதைப் போயா அணு, ஆராய்ச்சி என்று இவ்வளவு பெரிய சொற்களில் சொல்கிறார்கள்? இது அவள் பதினான்கு வருஷமாகச் செய்யும் வேலை. பேனாவை எடுத்து விறுவிறுவென்று போட்டாள்.

சோடியம். மொத்த எடை இருபத்துமூன்று. புரோட்டான் பதினொன்று. எலக்ட்ரானும் பதினொன்று என்று பாடம் சொன்னது; இரண்டும் சமமாக இருக்குமாம். வண்டியில் ஏறியிருக்கும் எவரையும் அவள் இறக்காமல் விட்டதில்லை. ஆகவே இருபத்துமூன்றில் பதினொன்றைக் கழித்து, இன்னொரு பதினொன்றையும் கழித்தாள். நியூட்ரான் ஒன்று.

புத்தகத்தின் கடைசியில் இருந்த விடை பன்னிரண்டு என்றது.

"அச்சுப் பிழை," என்று சொல்லிக்கொண்டாள். தன் கழித்தலில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. எத்தனை டிரைவர்களின் பில்லைத் திருத்தியவள்! கார்பனைப் போட்டாள். பன்னிரண்டில் ஆறு போய், இன்னொரு ஆறு போய், பூஜ்யம். காலி வண்டி. புத்தகம் ஆறு என்றது. ஆக்சிஜனும் பூஜ்யம், புத்தகம் எட்டு என்றது. மூன்று இடத்திலும் பிழையா? அச்சடித்தவன் தூங்கிக்கொண்டே அச்சடித்திருப்பான் என்று முடிவு கட்டி, மூன்று விடைகளையும் பேனாவால் அடித்துத் தன் விடையை மேலே எழுதினாள். அந்த அடித்தலில் இருந்த அழுத்தத்தைப் பார்த்தால் புத்தகம் போட்டவர்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

இந்தத் திமிர் ஒரு வாரம் நீடித்தது. அடுத்த வாரம் ஹைட்ரஜன் வந்தது.

ஹைட்ரஜன் இருப்பதிலேயே சின்னது. நிறை எண் ஒன்று. புரோட்டான் ஒன்று, எலக்ட்ரான் ஒன்று. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாள். பூஜ்யம். அதிலிருந்து இன்னொரு ஒன்றைக் கழித்தாள்.

மைனஸ் ஒன்று.

பேனா அப்படியே நின்றது. வேறு யாராவது இருந்தால் இதையும் அச்சுப் பிழையில் சேர்த்திருப்பார்கள். ஆனால் இது அவளுடைய தொழில். எடை மேடை சில காலைகளில் மைனஸ் காட்டும். ராத்திரி மழையில் தகட்டுக்கு அடியில் சேறு அடைத்திருக்கும். அல்லது எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வைக்கும்போது மேடையில் ஆள் நின்றிருப்பான். எதுவாக இருந்தாலும் ஒன்று மட்டும் நிச்சயம். எடை என்பது இல்லாமல் போகலாம். இல்லாததற்கும் கீழே போகாது. மைனஸ் காட்டினால் தப்பு சரக்கில் இல்லை, எடை போடுகிறவரிடம் இருக்கிறது. அப்போது அவள் ஒரு வண்டியையும் ஏற்ற மாட்டாள். எத்தனை ஹாரன் அடித்தாலும் சரி, மேடையைச் சரி செய்த பிறகுதான் அடுத்தது.

"தப்பு என் பேர்லதான்," என்று கண்ணாடி அறைக்குள் உரக்கச் சொன்னாள். மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் வரிசையில் நின்ற ஏழு வண்டிக்காரர்களும் அதைக் கேட்டார்கள். இறங்கு அக்கா வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை அவர்கள் அதுவரை கேட்டதில்லை.

தப்பு இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. இரண்டு நாள் அதே யோசனை. சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் சொன்ன வேடிக்கைக்குக்கூடச் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் தாடி வந்தார். பழைய இரும்பு ஏற்றி வருகிற டிரைவர். முகத்தில் பாதி தாடி, பேச்சில் முழுக்கக் கிண்டல்.

"இறங்கு!" என்றது மைக்.

தாடி இறங்கினார். இரண்டு அடி நடந்தார். திரும்பி மேடைப்பக்கம் கையைக் காட்டி, "அக்கா, சாவியை வண்டியிலயே விட்டுட்டேன். அதையும் இறக்கணுமா? அப்புறம் சாவி எடையை இரும்புல சேர்த்துட்டேன்னு சொல்லுவீங்க!" என்றார். வரிசை மொத்தமும் சிரித்தது.

அவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. சாவி. சாவியை அவள் ஒருநாளும் இறக்கச் சொன்னதில்லை. ஏன் சொன்னதில்லை? மேடை பத்து கிலோவுக்குப் பத்து கிலோவாகத்தான் நகரும். டிரைவர் ஏறினால் காட்டும். சாவிக்கொத்து ஏறினாலும் இறங்கினாலும் அதற்குத் தெரியவே தெரியாது. புத்தகத்தைப் பிரித்தாள். படம் போட்ட பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், அவள் நாலு தடவையும் தாண்டிப் போன ஒரு வரி. எலக்ட்ரானின் நிறை, புரோட்டான் நிறையில் ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறில் ஒரு பங்கு. எனவே அது கணக்கில் சேராது.

"அண்ணே, உங்க எடை என்ன?" என்று மைக்கில் கேட்டாள்.

"எதுக்குக்கா? என்னையும் விக்கப் போறீங்களா?"

"சொல்லுங்கண்ணே!"

"எழுபது இருப்பேன்."

எழுபது கிலோவை ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறால் வகுத்தாள். முப்பத்தெட்டு கிராம். தாடி புரோட்டான் என்றால் எலக்ட்ரான் முப்பத்தெட்டு கிராம். அறையை விட்டு வெளியே ஓடி வந்தாள். லாரிக்குள் எட்டிச் சாவியை எடுத்தாள். மாதிரிச் சரக்கை நிறுக்கும் சின்னத் தராசு அலுவலகத்தில் இருந்தது, அங்கே ஓடினாள். தாடி பின்னால் ஓடினார், தன் சாவி போகிறதே என்று. தராசு நாற்பத்தொன்று காட்டியது.

"மூணு கிராம் கூட இருக்கே! இந்தக் குட்டிச் சாவி எதுக்கு?"

"அது எங்க வீட்டுப் பெட்டிச் சாவிக்கா. என்னக்கா ஆச்சு உங்களுக்கு?"

"அண்ணே," என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது; முகமெல்லாம் சிரிப்பு. "எலக்ட்ரானை இறக்க வேண்டாம்ணே! எடையில அது இல்லவே இல்ல. ஒரு தடவை கழிச்சாப் போதும்!"

தாடிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் இவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி ஒரு விஷயத்தைச் சொல்லும்போது புரியவில்லை என்று சொல்வது நன்றாக இருக்காது என்று அவருக்குத் தோன்றியது. "அதானே, நானும் நெனச்சேன்," என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அன்று மாலைக்குள் புத்தகத்திலிருந்த அத்தனை தனிமங்களையும் எடை போட்டு அனுப்பினாள். சோடியம் பன்னிரண்டு. கார்பன் ஆறு. ஹைட்ரஜன் பூஜ்யம், பாவம், அதற்குச் சரக்கே கிடையாது. ஏற்கெனவே அடித்து வைத்திருந்த மூன்று விடைகளுக்குப் பக்கத்தில், ‘மன்னிக்கவும்’ என்று பொடியாக எழுதினாள். பிறகு பிளஸ், மைனஸ் போட்ட அணுக்களுக்குப் போனாள். தலைக்கு மேல் பிளஸ் போட்டிருந்தால் எலக்ட்ரான் ஒன்று கூடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள், அவளும் நினைத்தாள். பாடம் நேர் எதிராகச் சொன்னது. எலக்ட்ரான் மைனஸ் சாமான். அது இறங்கிப் போனால்தான் மிச்சம் பிளஸ் ஆகும். இந்த முறை புத்தகத்தோடு சண்டைக்குப் போகவில்லை. இரண்டு தடவை படித்துவிட்டு ஒத்துக்கொண்டாள்.

வீட்டில் வீட்டுக்காரருக்கும் விளக்கினாள். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். அன்றிலிருந்து காலையில் சுண்ணாம்புக் கட்டியால் சமையலறைச் சுவரில் அணு வரைவது அவர் வேலையாயிற்று. வளையங்களை அவர் போட்டால் காம்பஸ் வைத்துப் போட்டது போல் இருக்கும். எண்ணிக்கை அவள் பொறுப்பு. அலுமினியம் வரைந்த அன்று சுவர் போதாமல் இருவரும் அலமாரியை நகர்த்தினார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து இப்படிச் சிரித்தது அந்த நாலு மாதத்தில்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

தேர்வன்று கூடத்து வாசலில் கண்காணிப்பாளர் அவளைத் தடுத்தார்.

"பெத்தவங்க எல்லாம் வெளியில நிக்கணும்மா."

"நான்தான் எழுதப் போறேன் சார்," என்று நுழைவுச் சீட்டை நீட்டினாள். அவர் சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வழியை விட்டதோடு நிற்காமல் மின்விசிறிக்குக் கீழே இருந்த பெஞ்சைக் காட்டினார்.

வினாத்தாளில் மூன்றாம் பக்கம் அட்டவணை. ஐந்து வரிகள். முதல் நாலையும் மூச்சு வாங்காமல் நிரப்பினாள். மக்னீசியம், மொத்தம் இருபத்துநாலு, அணு எண் பன்னிரண்டு, இரண்டு பிளஸ். புரோட்டான் பன்னிரண்டு, நியூட்ரான் பன்னிரண்டு, எலக்ட்ரான் பத்து. ஐந்தாவதில் கேள்வி கேட்டவர் தண்ணி காட்டியிருந்தார். பெயரில்லை, அணு எண்ணில்லை. நியூட்ரான் இருபது, எலக்ட்ரான் பதினெட்டு, ஒரு மைனஸ். நிறை எண் என்ன? கூடத்தில் பல தலைகள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவளுக்கு இது மொத்த எடை போட்ட முதல் சீட்டைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் டிரைவர் கேஸ். சரக்கு தெரியும், வண்டியைப் பார்த்தால் காலி எடை தெரியும், மொத்தத்தை அவள்தான் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு மைனஸ் என்றால் ஒருவர் கூடுதலாக ஏறியிருக்கிறார். அவரை விட்டால் பதினேழு. புரோட்டானும் பதினேழு. பதினேழும் இருபதும் முப்பத்தேழு. ஏறியவருக்கு எடையில்லை. எழுதிவிட்டு நிமிர்ந்தபோது மனசு லேசாக இருந்தது.

முடிவு வந்த நாளில் மேடையில் இருபத்தெட்டு டன் சிமென்ட் நின்றுகொண்டிருந்தது. அலுவலகத்திலிருந்து மேலாளர் ஓடி வந்தார். அவர் ஓடி அந்தக் கிடங்கில் எவரும் பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

"எழுபத்தி நாலும்மா! எழுபத்தி நாலு!"

"இருங்க சார், பொத்தானை அமுக்கிட்டேன்," என்றாள். சீட்டு அச்சாகி வெளியே வரும்வரை காத்திருந்து, கிழித்து, டிரைவர் கையில் கொடுத்தாள். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்ததால் அதை நிறுத்தவே அவளுக்கு மனசு வரவில்லை. தாடி ஹாரனை அமுக்கினார். வரிசையில் இருந்த மற்ற வண்டிகளும் அமுக்கின. வீட்டுக்காரர் யார் வீட்டுச் சுவரையோ பாதியில் விட்டுவிட்டு, மூக்கின் மேல் நீலச் சாயத்தோடு வந்து நின்றார். மகளுக்குப் போன் போட்டாள். தான் போட்ட கூச்சலில் விடுதிக் காப்பாளர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்ததாக மகள் பின்னால் சொன்னாள். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டதற்கு, "இப்ப சொல்றேன்ல," என்றாள் தாய்.

புதுச் சட்டம் நடப்புக்கு வந்த காலையில் புதுச் சீட்டுக் கட்டு வந்திருந்தது. அடியில் ஒரு கட்டம் கூடுதலாக அச்சடித்திருந்தார்கள்: எடை பார்த்தவர். அதற்குக் கீழே பெயருக்கு ஒரு கோடு, கையெழுத்துக்கு ஒரு கோடு. முதல் வண்டிக்காரர் புதியவர். அவளை முன்பின் பார்த்ததில்லை. எடை எடுத்தாள். சீட்டைக் கிழித்து மேஜைமேல் வைத்தாள். பேனாவைத் திறந்தவள் உடனே எழுதவில்லை.

அதுவரை அவள் எத்தனையோ காகிதங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், வீட்டு வாடகைப் பத்திரத்தில். ஒவ்வொன்றிலும் இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்று எழுதிவிட்டுத்தான் போட்டிருக்கிறாள். இந்தக் காகிதம் அதையெல்லாம் கேட்கவில்லை. இந்த எடையைச் சொன்னது யார் என்று மட்டும் கேட்டது. பெயரை முழுசாக எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

டிரைவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "என்னக்கா, கையெழுத்து கட்டத்தைத் தாண்டி வெளிய போகுதே?"

"போகட்டும்," என்றாள் அவள். அடுத்த வண்டிக்குப் பச்சை விளக்கைப் போட்டாள்.